கையொப்பமும் பங்கும்: ஏ.கே. செட்டியாரின் காந்தி படத்திற்குப் பொருள் திரண்ட வரலாறு

தமிழில் நூல்கள் பதிப்பிக்கப்பெற்ற வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அப்பதிப்புகளுக்குப் பணம் வந்த வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. கலையைப் பற்றிப் பேசுமிடத்தில் காசைப் பற்றிப் பேசுவது தாழ்வு என்னும் எண்ணம் நம் அறிஞரிடையே நெடுங்காலமாக உண்டு. ஆயினும் கடலூரும் சிதம்பரமும் சார்ந்த இப்பகுதியின் வரலாற்றை நோக்குவார்க்கு, பெரிய பணிகள் பலவும் பொருள் திரட்டும் முறையிலேயே தம் இயல்பைப் பெற்றன என்பது தெளிவாகும். 1864இல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது அன்பர்தம் நன்கொடையை நம்பியே. 1867 மே 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு இடமாயிற்று பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த 80 காணி நிலம். ஒருவர் அளித்ததன்று, ஓர் ஊரே அளித்தது என்பதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது கையாண்ட முறை 'கையொப்பம்' எனப்படும். நூல் வெளிவருமுன்னரே, அதனைப் பெற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டு பலர் கையொப்பமிட்டு முன்பணம் தருவர். அப்பணம் தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் செல்லும். தந்தவர் வள்ளலுமல்லர், முதலாளியுமல்லர். வரப்போகும் நூலின் வாசகர். எண்ணிப்பார்த்தால், இன்று கணிப்பொறி வழியே பலரிடம் சிறுசிறு தொகை பெற்றுப் படமெடுக்கும் முறை இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. ஐயர் பிற்காலத்தில், 1924 முதல் 1927 வரை, சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். அக்கல்லூரி வேறொரு பொருள்முறையின் விளைவாகும். செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் என்னும் ஒரே செல்வர் 1920இல் மீனாட்சி கல்லூரியைக் கண்டார். பின்னர்த் தம் நிறுவனங்களோடு 20 லட்சம் ரூபாயும் அளித்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாக வழிவகுத்தார்.

இவ்விரு முறைகளையும், பலர் கூடித் தருவதையும் ஒருவரே தருவதையும், அருகருகே கண்டு வளர்ந்த ஒரு தலைமுறையிலிருந்துதான் தமிழின் முதல் பெரும் ஆவணப்படத்தை எடுத்தவர் வந்தார். அவரும் நகரத்தார் குலத்தவரே; ஆனால் செல்வராக அறியப்பட்டவரல்லர்.

அ. கருப்பன் செட்டியார் என்னும் ஏ.கே. செட்டியார் 1911 நவம்பர் 4ஆம் நாள் கோட்டையூரில் பிறந்தார். இளமையிலேயே எழுத்தில் ஈடுபாடு. பர்மா சென்று, இரங்கூனில் நகரத்தார் சங்கத்தின் 'தனவணிகன்' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். வட்டித்தொழிலுக்கென்றே கடல்கடந்த ஒரு சமூகத்தின் இளைஞர், அத்தொழிலை விட்டுவிட்டு ஒளிப்படக்கலை பயில ஜப்பானுக்குச் சென்றது அன்று வியப்பாகவே இருந்திருக்கும். தோக்கியோவில் பயின்றபின் நியூயார்க் சென்று அங்கும் ஒளிப்படக் கல்லூரியில் பயின்றார். கருவியைக் கையாளத் தெரிந்தமை, இதழ் நடத்தத் தெரிந்தமை, தனியே நெடும்பயணம் செய்யத் தெரிந்தமை ஆகிய மூன்றுமே பின்னர் அவருக்கு மூலதனமாயின. வேறு மூலதனம் அவரிடம் அதிகமில்லை.

1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லும்போது, காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். செட்டியாருக்கு அப்போது 26 வயதும் நிறையவில்லை. 'ஆவணப்படம்' என்னும் சொல்லே தமிழில் வழங்காத காலம் அது. படம் என்றால் வள்ளி திருமணமும் நல்லதங்காளும்தான். கதையில்லாமல், பாட்டுக்காரர் இல்லாமல், வேடம் இல்லாமல் ஒரு படம் எடுக்கப் பணம் கேட்டுச் செல்பவர், எதற்காகக் கேட்கிறார் என்பதை விளக்குவதற்கே பாதிப் பொழுதைச் செலவிட வேண்டும். ஆவணப்படம் எடுப்போர் பலர் இன்றும் இந்நிலையில்தான் உள்ளனர்.

செட்டியாரின் திட்டத்தில் நுட்பமானது யாதெனில், புதிதாகப் படம் பிடிப்பதை முதன்மையாகக் கொள்ளாமல், ஏற்கெனவே பிடிக்கப்பட்டவற்றைத் தேடித் தொகுப்பதை அவர் முதன்மையாகக் கொண்டதே. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காலத்தை 1937இல் யாரும் படமெடுக்க இயலாது. தண்டி யாத்திரையை மீண்டும் நடத்தவும் இயலாது. ஆனால் பல நாட்டுச் செய்திப்பட நிறுவனங்கள் அவ்வப்போது சில அடிகள் படம் பிடித்திருந்தன. 1931இல் அமெரிக்கச் செய்திப்படக் குழுவொன்று காந்தியடிகளின் குரலையும் சேர்த்தே பதிவுசெய்தது. அவ்வாண்டு அவர் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றபோது கருவிகள் பல அவரைச் சூழ்ந்திருந்தன. அச்சுருள்கள் எங்கெங்கோ கிடந்தன. ஓலைச்சுவடி தேடி ஊரூராகச் சென்ற ஐயரின் வேலைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமையைத் தமிழ் பயின்றோர்க்கு எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு உண்டு. சுவடி வைத்திருந்தவர் பெரும்பாலும் அதன் விலையறியாதவர். சுருள் வைத்திருந்த நிறுவனமோ ஒவ்வோர் அடிக்கும் விலை குறித்து வைத்திருந்தது.

ஆகவே இத்தகைய தொகுப்புப் படத்தின் செலவுக்கணக்கு கதைப்படத்தின் செலவுக்கணக்கிற்கு நேர்மாறானது. அரங்கு அமைக்கும் செலவில்லை, நடிகர் சம்பளமில்லை. மாறாகத் தேடும் செலவு, பயணச் செலவு, உரிமைக் கட்டணம், படியெடுக்கும் கூலி, அவற்றைக் கப்பலில் அனுப்பும் செலவு, துறைமுகத்தில் சுங்கம் ஆகியவை வரும். கதைப்படத்தில் எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டி ஓரளவு சொல்லிவிடலாம். தேடலில் அவ்வாறு சொல்ல இயலாது. ஓரிடத்தில் ஒன்றும் கிடைக்காமற் போகலாம்; அங்கே சென்றுவந்த செலவு சென்றதே. பணம் தருபவரிடம் இதை எப்படிச் சொல்வது? 'எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாது, எவ்வளவு செலவாகும் என்றும் தெரியாது, ஆயினும் தருக' என்று கேட்க வேண்டும்.

இதற்குச் செட்டியார் கண்ட வழி 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்னும் நிறுவனம். லிமிடெட் என்னும் அச்சொல் ஈண்டுக் கருதத்தக்கது. 1913ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, இத்தகைய நிறுவனத்தில் பங்கு வாங்கியவரின் பொறுப்பு அவர் வாங்கிய பங்கின் அளவோடு நின்றுவிடும். படம் தோற்றாலும் அவருடைய வீடும் நிலமும் கடனுக்குப் போகா. வட்டித்தொழில் செய்த சமூகத்தார்க்கு இதன் அருமை நன்கு தெரியும். கையொப்பமிட்டவர் நூல் பெறுவார். பங்கு வாங்கியவர் ஆதாயம் வந்தால் அதில் ஒரு கூறு பெறுவார். நன்கொடையாகக் கேட்டிருந்தால் சிலர் இன்னும் எளிதாகத் தந்திருக்கக்கூடும். கோயில் திருப்பணிக்கும் வேதபாடசாலைக்கும் மகமை வைத்துத் தரும் வழக்கம் நகரத்தாரிடையே ஊறியது. ஆனால் நன்கொடை என்றால் தந்தவர்க்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடமை தளர்ந்துவிடும். பெரிய தொகை தந்தவர் படத்தில் இன்னது வேண்டும், இன்னது வேண்டா என்று சொல்லவும் முற்படுவார். பங்கு என்று ஆனபின் கணக்கும் உண்டு. எந்த ஒருவரின் கையிலும் படம் முழுமையாகச் சிக்குவதுமில்லை. ஓர் அரசர் கட்டிய பல்கலைக்கழகம் அரசரின் பெயரைத் தாங்குவது இயல்பு. செட்டியாரின் படத்தில் காந்தியடிகளின் பெயரைத் தவிர வேறெவர் பெயரும் ஓங்கவில்லை. எடுத்தவர் தம் பெயரையும் முகத்தையும் வாழ்நாள் முழுதும் பின்னுக்கே தள்ளி வைத்தவர்.

படத்திற்காக அவர் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார் என்பர். தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா என்று தேடி, முப்பது ஆண்டுக்காலத்தில் நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். அதிலிருந்து தெரிந்தெடுத்துத் தொகுத்தது 12,000 அடி. இவ்வெண்களைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். பேசும்படம் ஓடும் வேகத்தில் ஒரு நிமிடத்திற்கு 90 அடி செல்லும். அவ்வாறாயின் திரட்டியது ஒன்பது மணி நேரத்திற்கு மேல். வெளியிட்டது இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. நான்கு அடி திரட்டினால் ஏறத்தாழ ஓர் அடி நின்றது என்பது விரயமன்று. கதைப்படம் எடுப்போரும் இதைவிட மிகுதியாக வீணாக்குவதுண்டு.

பழைய சுருள்களில் வேறு சிக்கல்களும் இருந்தன. ஊமைப்படக் காலத்தில் நொடிக்குப் பதினாறு படம் என்னும் அளவில் கையாற் சுழற்றிப் பிடித்த காட்சியை, நொடிக்கு 24 படம் ஓடும் பேசும்படக் கருவியில் இட்டால் மாந்தர் துள்ளித்துள்ளி ஓடுவர். காந்தியடிகள் இயல்பாகவே விரைந்து நடப்பவர். இக்கருவியில் அவர் நடை நகைப்புக்கிடமாகிவிடும். சில படங்களை இரட்டித்து அச்சிட்டு வேகத்தைச் சீராக்கலாம். ஆனால் அதற்கும் அடிக்கணக்கில் செலவாகும். மேலும் அக்காலச் சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. அதைக் கப்பலில் கொண்டுவருவதும் வெப்பநாட்டில் காப்பதும் அச்சத்திற்குரிய வேலைகள். மூலச்சுருள் எதுவும் இந்நாட்டில் செய்யப்படவில்லை. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது 1960களில்தான்.

படத்திற்குரியவரே படத்தை விரும்பாதவர் என்பது இம்முயற்சியின் மற்றொரு முரண். 1927இல் அமைந்த திரைப்பட விசாரணைக் குழு கருத்துக் கேட்டபோது, தாம் திரைப்படம் பார்த்ததேயில்லை என்றும், அதனால் தீமையே விளைகிறது என்றும் காந்தியடிகள் தெரிவித்தார். ஒளிப்படக்காரர் முன் நின்று காட்டவும் அவர் உடன்படுவதில்லை. அவருடைய தமையன் வழிப் பேரர் கனு காந்திக்கு ஆசிரமத்தில் படமெடுக்க இசைவளித்தபோது மூன்று நிபந்தனைகள் விதித்தார்: மின்னொளி பயன்படுத்தலாகாது, நின்று காட்டுமாறு கேட்கலாகாது, ஆசிரமப் பணம் ஒரு காசும் கிடையாது. கனு காந்திக்குக் கருவி வாங்க நூறு ரூபாய் தந்தவர் ஜி.டி. பிர்லா. சிறுமுதலில் படமெடுப்பார் எவர்க்கும் இம்மூன்று நிபந்தனைகளும் ஏறத்தாழப் பொருந்தும் என்பது வேடிக்கையான உண்மை.

காலமும் செட்டியாருக்கு முழுமையாக உதவவில்லை. 1937 முதல் சென்னை மாகாணத்தில் இராசாசி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி நடைபெற்றதால் தணிக்கை தளர்ந்திருந்தது. 1939இல் தியாகபூமி போன்ற தேசியப் படங்கள் அச்சூழலில் வெளிவந்தன. ஆனால் 1939 செப்டம்பரில் போர் மூண்டது. அக்டோபர் இறுதியில் ஆட்சி பதவி துறந்தது. தியாகபூமி பின்னர்த் தடைசெய்யப்பட்டது. செட்டியாரின் 'மகாத்மா காந்தி' படம் தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்டு 23ஆம் நாள் வெளிவந்தபோது அவ்வாட்சி இல்லை; இரண்டு மாதம் கழியுமுன் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. இன்னும் மூன்றாண்டு தாழ்ந்திருந்தால் படமே வந்திராது. போர்க்காலச் சுருள் பஞ்சத்தால் 1943 வாக்கில் 11,000 அடிக்கு மேற்பட்ட படங்கட்கு இசைவில்லை என்று அரசு வரையறுத்தது. தெலுங்கு விளக்கவுரையுடனும் படம் காட்டப்பெற்றது. காட்சிகள் பொதுவானவையாதலின் குரலை மட்டும் மாற்றினால் வேறொரு மொழிக்குச் சென்றுவிடலாம். ஆவணப்படத்திற்கே உரிய இச்சிக்கனத்தை அவர் நன்கு பயன்படுத்தினார்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தொகுப்புப் படம் ஏற்கெனவே கருவி சென்ற இடத்திற்கே செல்ல முடியும். காந்தியடிகள் 1927 செப்டம்பரிலும் 1934 பிப்ரவரியிலும் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் வந்தார். சிதம்பரத்தில் நந்தனாரை நினைவுகூர்ந்து பேசினார். கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலையம்மாள் 1927இல் நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் தம் சிறு மகளுடன் சிறைசென்றவர். அம்மகளைக் காந்தியடிகள் தம் ஆசிரமத்திற்கே அழைத்துச் சென்றார். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நடத்தி, தீண்டாமையால் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகட்குக் கல்வி அளித்துக்கொண்டிருந்தார். இலண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த செய்திப்பட முதலாளிகட்கு இத்தகைய ஊர்களும் மாந்தரும் செய்தியாகத் தோன்றுவது அரிது. பணம் இருக்குமிடத்திற்குக் கருவி செல்கிறது; கருவி சென்றது மட்டுமே பிற்காலத்தில் வரலாறாகத் தொகுக்கப்படுகிறது. செட்டியார் தமிழ்ச் சிறுமுதலைக் கொண்டு இவ்வட்டத்தைச் சற்று உடைத்தார். முற்றும் உடைக்க அவராலும் இயலவில்லை.

படம் வந்தபின் செட்டியார் அதுபோன்ற இன்னொரு படத்தை எடுக்கவில்லை. 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கி, 1983 செப்டம்பரில் மறையும் வரை நடத்தினார். ஏன் இன்னொரு படம் எடுக்கவில்லை என்னும் வினாவிற்கு அவர் இயல்பில் ஒரு பகுதி விடை இருக்கலாம். நாட்டின் நிலையில் மறுபகுதி இருக்கிறது. 1943இல் போர்க்கால விதியின்படி, அரசு ஏற்ற செய்திப்படங்களைத் திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் கட்டாயமாகக் காட்ட வேண்டும் என்றாயிற்று. விடுதலைக்குப் பின் 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் அமைந்தபின் அக்கட்டாயம் மீண்டும் வந்தது. அரங்கினர் அதற்குக் கட்டணமும் செலுத்தினர். கடலூரிலும் சிதம்பரத்திலும் கதைப்படத்திற்கு முன் அச்செய்திச்சுருளைப் பார்த்து வளர்ந்தோர் பலர். அது முடியும்வரை வெளியே நின்று கடலை கொறித்தோரும் பலர். ஆவணப்படம் என்றாலே அரசுப்படம் என்றாகிவிட்டது. தனியார் எடுத்த ஆவணப்படத்திற்குத் திரையுமில்லை, விலையுமில்லை. காணவருபவர் தரும் காசு ஒரு படத்திற்குத் திரும்பிவரும் வழி அடைபட்டபின், பங்கு வாங்குவோர் எங்கிருந்து வருவர்?

எனவே பின்வந்தோர் மீண்டும் கையொப்ப முறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) எடுத்த ஜான் ஆபிரகாம், 1984இல் கேரளத்தில் ஒடேசா என்னும் கூட்டமைப்பைத் தோழர்களுடன் தொடங்கினார். ஊரூராகச் சென்று, சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறுசிறு காசாகத் திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தார். அது கதைப்படமாயினும் பொருள் வந்த வழி வடலூர் வழியே. ஆனந்த் பட்வர்த்தன் 1970களின் நடுவில் பீகார் இயக்கத்தைப் பற்றிய தம் முதற்படத்தைக் காலாவதியான சுருளில் எடுத்தார். பின்னர் வீடியோ வந்து சுருளின் விலையை நீக்கிற்று. கைப்பேசி வந்து கருவியின் விலையையும் குறைத்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் கிள்ளைப் பகுதியையும் தாக்கியபோது எங்கிருந்தெல்லாமோ கருவிகள் வந்தன. சிப்காட் ஆலைகளின் கழிவால் உப்பனாற்றங்கரை மக்கள் பட்ட துன்பத்திற்கு அத்தனை கருவிகள் வரவில்லை. ஒரே நாளில் வரும் அழிவுக்குப் பணம் உண்டு. முப்பது ஆண்டாக வரும் அழிவுக்கு அது அரிது. காட்சி பிடிக்கும் செலவு குறைந்ததேயன்றி, ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் செலவு குறையவில்லை. ஆவணப்படத்தின் மெய்யான செலவு அதுவே என்பதைச் செட்டியாரின் ஒரு லட்சம் மைல் முன்னரே காட்டியிருந்தது.

செட்டியாரின் திட்டத்தில் ஒன்று மட்டும் இடம்பெறவில்லை. அன்று எவர் திட்டத்திலும் இடம்பெற்றிராது. படம் முடிந்தபின் அதைக் காப்பதற்கான செலவு அது. புனே திரைப்பட ஆவணக்காப்பகம் தோன்றியதே 1964இல். தில்லையில் அறையொன்றில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளைச் செல்லரித்த கதையை இப்பகுதியினர் சிறுவயது முதல் கேட்டிருப்பர்; பாடியவர் மூவர், பாடல்கள் பல்லாயிரம், எஞ்சியது சிலவே என்பர். படச்சுருளைச் செல் அரிப்பதில்லை. அது தானே புளித்து, பொடிந்து, தூளாகிறது. விடுதலைக்குப் பின் இந்தி வடிவமும், 1953இல் அமெரிக்காவில் சுருக்கப்பெற்ற ஆங்கில வடிவமும் வந்தன. படம் எடுத்த வரலாற்றைச் செட்டியார் குமரி மலரில் எழுதினார். அக்கட்டுரைகள் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாக 2003இல் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பில் வெளிவந்தன. படம் எடுத்த கதை கிடைத்தபின்னும் படம் கிடைக்கவில்லை. தொடர்ந்து தேடிய பதிப்பாசிரியர், ஆங்கிலச் சுருக்கப் படியொன்று அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் இருப்பதைக் கண்டறிந்தார். நூறு பேர் எடுத்த காட்சிகளில் எஞ்சியவை அதில் உள்ளன. அவற்றின்மேல் ஒலிப்பது 1940இல் சென்னையில் கேட்ட தமிழ்க்குரலன்று. குவென்டின் ரெனால்ட்ஸ் என்னும் அமெரிக்கச் செய்தியாளரின் குரல்.